தசரதன் தலையில் ஆராயியின் கட்டி

கத்தி இல்லை. ரத்தம் இல்லை. தையல் இல்லை. காது இருந்தால் போதும்!

இப்படித்தான் ஆரம்பித்தது அந்த ஃப்ளெக்ஸ் பேனர். செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்து காபி குடிக்கும் கடைகளைத் தாண்டி, ஒரு சந்து முனையில் கட்டியிருந்தார்கள். நடுவில் பெரிதாக ஒரு மனித மூளை. படத்தை இன்டர்நெட்டில் சுட்டிருக்கிறார்கள்; ஓரத்தில் யாரோ ஒரு கம்பெனியின் முத்திரைகூட அப்படியே இருந்தது. மூளைக்கு நெற்றி கிடையாது. அதனால் என்ன? மூளை மேலேயே மூன்று பட்டை விபூதியை இழுத்துவிட்டார்கள். கீழே கொட்டை எழுத்தில்: 'மூளைக்கட்டியை ஞானக்கண்ணால் கண்டு காது வழியே எடுக்கும் ஸ்ரீலஸ்ரீ கபாலஜோதி சுவாமிகள்'.

பேனர் ஏறிய அடுத்த பௌர்ணமிக்கே சந்தில் சைக்கிள் போக இடமில்லை. மலையைச் சுற்ற வந்தவர்கள் பாதிச் சுற்றில் வழி மாறினார்கள். போளூர் வேன், சேத்துப்பட்டு வேன், கீழ்பென்னாத்தூர் வேன் எல்லாம் வரிசையாக நின்றன. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள், "கபாலமா? ஏறு ஏறு, டோக்கன் முடிஞ்சிடப் போவுது" என்று கூவினார்கள். ஒற்றைத் தலைவலி, ரெட்டைத் தலைவலி, மாமியார் வந்தால் மட்டும் வரும் தலைவலி, எல்லாம் வேன் ஏறி வந்தன.

சுவாமிகள் வேலை செய்யும் விதமே தனி. வாடகை ஹால், கழுத்தில் மாட்டிய மைக், கண்ணில் கறுப்புத் துணிக் கட்டு. ஆள் எதிரே உட்கார வேண்டும். சுவாமிகள் தலை மேல் கையை ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, வலப்புறம் இடப்புறம் என்று மிதக்க விடுவார். திடீரென்று கை நடுங்கும். "இதோ!" என்பார். கட்டி அங்கே இருக்கிறதென்று அர்த்தம். அதன் பிறகு ஒரு மாட்டுக்கொம்பை எடுத்து அந்தப் பக்கத்துக் காதில் வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று உறிஞ்சுவார். கொம்பைத் தட்டில் கவிழ்த்தால், சிவப்பாக, கொழகொழவென்று ஒரு கட்டி விழும். கூட்டம், "அரோகரா!" என்று அலறும்.

இதில் இரண்டு விதிகள் உண்டு. கட்டியைச் சும்மா இழுத்தால் வராது, காந்தம் வேண்டும். அதற்குத் தங்கம்தான் சரி. உறிஞ்சுவதற்கு முன் உங்கள் மோதிரமோ கம்மலோ கொம்புக்குள் போக வேண்டும். கட்டியின் விஷத்தில் தங்கம் கரைந்துவிடும். திரும்பக் கேட்கக் கூடாது. உலகத்தில் தங்கத்தைக் கரைக்கும் ஒரே விஷம் மனிதன் காதுக்குள் இருப்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

இரண்டாவது விதி இன்னும் அழகு. கட்டி எடுத்த பிறகு ஒரு மண்டலத்துக்கு மாத்திரை தொடக் கூடாது, ஸ்கேன் எடுக்கக் கூடாது. எடுத்தால் கட்டிக்குக் கோபம் வந்து திரும்பி வந்துவிடுமாம். கட்டி ரோஷக்காரக் கட்டி.

"காசு வாங்குறாரா பாரு! ஒத்தப் பைசா தொடறதில்ல!" என்று வெளியே வந்தவர்கள் பெருமைப்பட்டார்கள். சொன்னவர்கள் விரலில் மோதிரத் தடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆராயி நடத்தும் பியூட்டி பார்லர் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் அவள் கை படாமல் எந்தப் பெண்ணும் மணவறை ஏறியதில்லை. கூட வேலை செய்பவள் ஜஹானாரா. பாதிப் பங்கு அவளுடையது, வாய் மட்டும் முழுசும் அவளுடையது.

ஆராயிக்குக் கொஞ்ச நாளாகவே காலையில் எழுந்ததும் தலைவலி. வாந்தி எடுத்தால் வலி குறையும். பித்தம் என்று இஞ்சி குடித்தாள். அப்புறம் புருவத்துக்கு த்ரெட்டிங் செய்யும்போது இடது கையில் நூல் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. நூல் சரியில்லை என்று கடையை மாற்றினாள். ஒரு நாள் கல்யாணப் பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தபோது இடது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது, வாய் ஒரு பக்கம் கோணியது, ஆராயி கீழே விழுந்துவிட்டாள்.

"சாவிக்கொத்து குடுங்க, இரும்ப குடுங்க!" என்று கல்யாண கோஷ்டி கத்தியது.

"இரும்பு இன்னா பண்ணும், பூட்டித் தொறக்குமா? தள்ளுங்க!" என்று ஜஹானாரா எல்லாரையும் விலக்கி, ஆராயியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸை வரவழைத்தாள். புருவம் பாதியோடு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. நன்றாகத்தான் இருக்கிறாள்.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பிர்தௌஸ் என்ற அம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வெள்ளை உருண்டை.

"இது மூளைக்குள்ள முளைச்சது இல்லம்மா. மூளைய சுத்தி ஒரு உறை இருக்கு, அதுல வளந்தது. மெனிஞ்சியோமானு சொல்லுவோம். படத்துல பாத்தா சாது மாதிரிதான் தெரியுது. ஆனா எடுத்து லேபுக்கு அனுப்பினாத்தான் உறுதியா சொல்லலாம்."

ஆராயியின் கணவன் சகாதேவன் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டிக்காரன். மூட்டை சாய்ந்தால் அசைய மாட்டான். மனைவி இருமினால் கலங்கிவிடுவான். அவன் அந்த 'சாது'வைப் பிடித்துக்கொண்டான். "சாதுன்னா அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே டாக்டர்?"

"சின்னதா, தொந்தரவு பண்ணாம இருந்தா நாங்களே அப்பப்ப ஸ்கேன் எடுத்து சும்மா பாத்துட்டுதான் இருப்போம். இது ஏற்கெனவே கைய இழுத்துடுச்சே. மண்டை ஓடு பலூன் இல்லங்க, உள்ள பெருசாக ஆக விரியறதுக்கு. கட்டி வளந்தா மூளைதான் நகந்து இடம் விடணும். எவ்வளவுதான் நகரும்? தள்ளிப் போட்டா கை போயிடும், பார்வை போகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம்."

"எனக்கு இடது கைதான டாக்டர் நழுவுது?" என்றாள் ஆராயி. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கட்டியும் இடது பக்கமா?"

"இல்ல. வலது மூளைதான் இடது கைய ஓட்டுது. கட்டி வலது பக்கம்."

"படத்துல இடது பக்கமா தெரியுதே?"

டாக்டர் சிரித்தார். "நீங்க எங்களப் பாத்து நிக்கற மாதிரி வெச்சுதான் படம் போடுவோம். உங்க வலது எங்களுக்கு இடது. அதான் ஓரத்துல ஆர்னு எழுத்து போட்டிருக்கு பாருங்க. வலதுன்னு அர்த்தம்."

"ஓ... த்ரெட்டிங்ல கஸ்டமர் வலது புருவம் என் இடது கை பக்கம் வர்றாப்ல" என்றாள் ஆராயி. உடனே அவளுக்குப் புரிந்துபோயிற்று. ஊரில் மற்ற பலருக்குப் புரியாமல் போனதுதான் பிற்பாடு நல்லதாய்ப் போயிற்று.

அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. மண்டை ஓட்டில் ஒரு பலகையைத் திறப்பது போலத் திறந்து, கட்டியை எடுத்து, எலும்பைத் திரும்ப வைத்துப் பொருத்திவிடுவார்களாம். அதுவரைக்கும் ஃபிட்ஸ் வராமல் இருக்க ஒரு மாத்திரை, வீக்கம் வடிய ஒரு மாத்திரை. "ரெண்டையும் நீங்களா நிறுத்தக் கூடாது" என்று டாக்டர் அழுத்திச் சொன்னார்.

சகாதேவன் வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. 'மண்டையைத் திறப்பது' என்ற வார்த்தையே அவன் தொண்டையில் நின்றது. அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தான் தம்பி தசரதன்.

தசரதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூரில் செல்போன் கவர் விற்கிறான். ஞானமெல்லாம் செல்போனுக்குள்தான் இருக்கிறது என்பது அவன் எண்ணம். வாட்ஸ்ஆப்பில் வந்தால் வேதம், அதில் கை கூப்பிக் கும்பிடும் எமோஜியும் இருந்தால் வேதத்துக்கு மேல்.

"அண்ணா, ஆபரேஷனா? வேணவே வேணாம்! கத்தி பட்டா கட்டி செதறிப் போய் ஒண்ணு பத்தாவும். எல்லாம் போன்ல வருது. கபாலஜோதி சாமி கிட்ட போலாம். காது வழியா எடுத்துத் தட்டுல போட்டுடறாரு. வீடியோ பாரு."

சகாதேவன் வீடியோவைப் பார்த்தான். தட்டில் கட்டி விழுந்தது. அவன் கண்ணில் நீர் விழுந்தது. "ஆராயி, ஒரே ஒரு வாட்டி. எனக்காவ. சாமி எடுத்துட்டாருன்னா உன் தலையில கத்தி பட வேணாம்டி."

"எடுத்தப்புறம் ஒரு மண்டலம் ஸ்கேன் எடுக்கக் கூடாதாமே? மாத்திரை கூடாதாமே? வியாழக்கெழம ஆபரேஷன் இன்னாவறது?"

"தள்ளிப் போட்டுக்கலாம்."

"தள்ளிப் போட்டா இன்னா ஆவும்னு டாக்டர் சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க? பக்கத்துல இருந்தது உங்க சட்டையா?"

சகாதேவன் எழுந்தான். ஆபரேஷனுக்குக் கையெழுத்து போட வேண்டியவன் அவன்தான் என்ற தெம்பில், "சாமிய பாக்காம நான் வேலூருக்கு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். போய் வாசலில் நின்று அழுதான். பயந்தவன்தான், கெட்டவன் இல்லை. இந்த மாதிரி சாமியார்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் இந்த மாதிரி நல்லவர்களின் பயம்தான்.

மறுநாள் ஆராயி பார்லரில் ஜஹானாராவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "என் தலையில இருக்கறது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுதுடி. இந்த மனுஷன் வராம நான் எப்படிப் போறது? தனியாப் போயிடுவேன்... ஆனா நடுவுல ஏதாவது ஆச்சுன்னா அவரு ஆயுசுக்கும் சாமி பேச்ச கேக்கலன்னு அழுதுட்டிருப்பாரு."

"டோக்கன் எப்படிக்கா குடுக்கறானுங்க?" என்றாள் ஜஹானாரா.

"அருணாதேவின்னு ஒரு அம்மா நம்பர் இருக்குது. பேரு, மூஞ்சி போட்டோ, ஸ்கேன் படம் எல்லாம் வாட்ஸ்ஆப்ல அனுப்பணும். சாமி பாதத்துல வெச்சு ஆசீர்வாதம் பண்ணி டோக்கன் குடுப்பாங்களாம்."

ஜஹானாரா கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள். "அக்கா. சாமி கண்ணக் கட்டிக்கினு மூளைக்குள்ளயே பாப்பாரு இல்ல?"

"ஆமா."

"அப்ப அவருக்கு படம் எதுக்கு?"

 இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணப்பெண் அலங்காரத்தில் மட்டும்தான் அப்படிப் பார்த்துக்கொள்வார்கள், புதிதாக ஒரு கொண்டை தோன்றும்போது.

"ஜானு, என் ஸ்கேன் படத்த எடு. பேரு இருக்கற ஓரத்த வெட்டு."

"யாரு பேர்ல அனுப்பறது?"

"என் கொழுந்தனார்தான் பக்திமான் ஆச்சே. அவருக்கு இல்லாததா?"

ஜஹானாரா சிரிப்பை அடக்கிக்கொண்டு போனில் வெட்டினாள். "இந்த ஆர் எழுத்த இன்னா பண்ணட்டும்?"

"விடு, இருக்கட்டும். படிக்கத் தெரிஞ்சா படிச்சிக்கட்டும்."

'தசரதன், கீழ்பென்னாத்தூர், தலையில் கட்டி' என்று ஆராயியின் ஸ்கேனும், தசரதன் பொங்கலுக்குக் கூலிங் கிளாஸ் போட்டு எடுத்த படமும் போயின. அடுத்து, 'ஆராயி, கீழ்பென்னாத்தூர், சும்மா தலைவலி, ஸ்கேன் எடுக்கவில்லை' என்று ஆராயியின் படம் மட்டும் போனது. இரண்டு டோக்கனும் உடனே வந்தன. கூடவே கும்பிடும் எமோஜி.

அன்று மாலையே தசரதனைக் கூப்பிட்டு ஜஹானாரா தேனாய்ப் பேசினாள். "தம்பி, எப்படியும் அக்கா கூட வர்றீங்க. நீங்களும் ஒரு டோக்கன்ல உக்காந்து ஆசீர்வாதம் வாங்கிக்கோங்களேன். நான் போட்டு வெச்சிட்டேன்."

"பாய் வூட்டு அக்காவுக்கு இருக்கற பக்தி எங்க அண்ணிக்கு இல்ல பாரு!" என்று தசரதன் உருகினான்.

ஒன்று மட்டும் ஆராயி யாருக்கும் சொல்லவில்லை. மாத்திரையைச் சாமியார் விதிக்குப் பயந்து இப்போதே நிறுத்திவிட்டதாகச் சகாதேவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் பவுடர் டப்பாவில் வைத்து வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை. ஹால் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் நான்கு வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்; அதைப் பார்த்து நம் ஆட்களுக்கு நம்பிக்கை ஜாஸ்தியாயிற்று. சுவாமிகள் கண் கட்டோடு வந்தார். படி தடுக்காமல் வந்தார், நாற்காலியைத் தடவாமல் உட்கார்ந்தார். ஞானக்கண்.

அருணாதேவி அவர் காதருகே குனிந்து, "ஆராயி, கீழ்பென்னாத்தூர்" என்றாள்.

ஆராயி எதிரே உட்கார்ந்தாள்; ஜஹானாரா கூட்டத்தில் முன்னால் நின்றாள். சகாதேவன் அவள் கம்மலைக் கைக்குட்டையில் முடிந்து பக்கத்தில் தயாராக நின்றான். சுவாமிகளின் கை அவள் தலை மேல் மிதந்தது. வலம் போனது. இடம் போனது. வலது பக்கம், எலுமிச்சம்பழம் இருந்த இடத்துக்கு நேர் மேலே, ஓர் ஈயை ஓட்டுவது போலக் கடந்து போனது.

"குழந்தே! உன் கபாலம் கருவறை மாதிரி சுத்தமா இருக்கு. ஒரு தூசு இல்ல. பொறாமைக்காரி கண்ணு பட்டிருக்கு, அவ்வளவுதான். கபால தைலம் வாங்கித் தேய்."

இந்த இடத்தில் கதை ஆராயி கணக்குப் போட்ட மாதிரி போகவில்லை. சகாதேவன் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டான். "கரைஞ்சிடுச்சா சாமி! பார்வையிலயே கரைச்சிட்டீங்களா! ஆராயி, கட்டி இல்லடி! ஆபரேஷன் வேணாம்டி! நான் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்!" என்று நிஜமாகவே போனை எடுத்துவிட்டான்.

 அவன் விரல் போனில் டாக்டர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தது. அவளுடைய இடது கை மடியில் செத்த மீன் போலக் கிடந்தது. அவள் வலது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "இருங்க. உங்க தம்பி உக்காரட்டும். பாத்துட்டு போன் பண்ணுங்க. ஒரு நிமிஷம்."

"தசரதன், கீழ்பென்னாத்தூர்" என்றாள் அருணாதேவி.

தசரதன் தலை சீவி, விபூதி பூசி, சிரித்த முகத்தோடு உட்கார்ந்தான். கை மிதந்தது. இடது பக்கம் வந்ததும் மின்சாரம் தாக்கியது போல நடுங்கியது.

"இதோ! மூளைக்கு இடது பக்கம்! எலுமிச்சம்பழம் அளவு! ஐயோ குழந்தே, உனக்கு எவ்வளவு நாளா இந்தச் சுமை?"

தசரதன் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்தது. "எ... எனக்கா?"

"உனக்குத்தான். எமன் உன் தலையில குடி வந்திருக்கான்."

"சாமி, நான் சும்மா ஆசீர்வாதத்துக்கு..." அதற்கு மேல் குரல் வரவில்லை. வந்தபோது ஹாலே அதிரும்படி வந்தது. "அண்ணா! வண்டிய எடு! வேலூருக்கு வண்டிய எடுண்ணா! அந்த டாக்டரம்மா கிட்ட கூட்டிட்டு போ! ஸ்கேன் எடுக்கணும்! இப்பவே எடுக்கணும்!"

"ஏன் கொழுந்தனாரே, கத்தி பட்டா செதறிடும்னீங்க?" என்றாள் ஆராயி.

"அண்ணி, அது... அது உங்க தலைக்கு! இது என் தலை!"

ஹாலில் சிலர் சிரித்துவிட்டார்கள். சுவாமிகள் சிரிப்பை வளரவிடவில்லை. தசரதன் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக் கொம்பில் போட்டார், அவன் இடது காதில் வைத்தார், 'ஸ்ஸ்ஸ்' என்று உறிஞ்சினார், தட்டில் கவிழ்த்தார். சிவப்பாக, கொழகொழவென்று விழுந்தது. "அரோகரா!" என்று கூட்டம் எழுந்தது. தசரதன் கட்டியைப் பார்த்துவிட்டு வாந்தி எடுக்கும் இடத்தைத் தேடினான்.

ஆராயி எழுந்தாள். நடையில் கொஞ்சம் தள்ளாட்டம் இருந்தது, குரலில் இல்லை.

"சாமி, அருணாதேவி அம்மாவுக்கு வந்த ஸ்கேன் படம் தசரதனுது இல்ல. என்னுது."

அருணாதேவி போனை முந்தானைக்குள் மறைத்தாள். ஜஹானாரா அதற்கு இடம் கொடுக்காமல் தன் போனைத் தூக்கிப் பிடித்தாள். "வெட்டாத படம் இந்தாங்க, பேரோட இருக்குது, பாத்துக்கோங்க! ஆராயி! வயசு நாப்பத்திரண்டு! பொம்பள!" போன் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குக் கைமாறிப் போனது.

"கட்டி இருக்கற என் தலை கருவறை மாதிரி சுத்தம்னீங்க" என்றாள் ஆராயி. "கட்டியே இல்லாதவன் தலையிலேந்து என் கட்டிய எடுத்துட்டீங்க. அதையாவது சரியா எடுத்தீங்களா? என் கட்டி வலது பக்கம் சாமி. ஸ்கேன்ல இடது பக்கமா தெரியும், ஏன்னா அது எதிர்ல நிக்கற ஆளப் பாக்கறாப்ல. ஓரத்துல ஆர்னு எழுத்துகூட இருந்துச்சே, ஞானக்கண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாதா? தப்புத் தலை, அதுலயும் தப்புப் பக்கம்!"

 சுவாமிகள் லேசுப்பட்டவர் இல்லை. மைக்கைப் பிடித்தார். "பார்த்தீர்களா பக்தர்களே! இதுதான் கர்ம மாற்றம்! அண்ணியின் வினையைக் கொழுந்தன் ஏற்றுக்கொண்டான்! அவள் தலையிலிருந்த கட்டி அவன் தலைக்குத் தாவியதை நான் கண்டேன்!"

"ஆஹா!" என்றது கூட்டம். ஒரு பாட்டி தசரதன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதற்குத்தான் ஜனங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். எந்தப் பொய்க்கும் உட்கார ஒரு பாய் விரித்துக் கொடுப்பார்கள்.

"தாவட்டும்" என்று ஜஹானாரா மேடை ஏறினாள். "கட்டி தாவுச்சு, சரி. மோதிரம் எங்க தாவுச்சு?" கொம்பைப் பிடுங்கினாள். சுவாமிகள் சரியாக அவள் இருந்த திசையில் பாய்ந்தார், கண்ணைக் கட்டிக்கொண்டே. அதைத்தான் பலர் முதலில் கவனித்தார்கள். ஜஹானாரா விலகிக்கொண்டு கொம்பின் கூரான முனையைத் திருகினாள். மூடி மாதிரி கழன்று வந்தது. உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் தசரதன் மோதிரம், கொஞ்சமும் கரையாமல், போன மாதம் பாலிஷ் போட்ட பளபளப்போடு. பின்னாலேயே யாரோ ஒருவருடைய மூக்குத்தியும் விழுந்தது.

"ஏய், அது என்னுது!" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

ஜஹானாரா தட்டில் இருந்த கட்டியை ஒரு விரலால் நசுக்கினாள், முகர்ந்தாள். "பாதாம் பிசின்! பீட்ரூட் தண்ணில ஊற வெச்சிருக்கான்! நாங்க வெயில் காலத்துல சர்பத்ல போட்டுக் குடிப்போம்யா இத! உடம்புக்குக் குளிர்ச்சி, வேணும்னா சொல்லுங்க, பால் ஊத்தித் தரேன்!"

அதற்குப் பிறகு நடந்ததை நான்கு வெள்ளைக்காரர்களும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். கம்மல்காரர்களும் மோதிரக்காரர்களும் மேடை ஏறினார்கள். ஸ்ரீலஸ்ரீ கபாலஜோதி சுவாமிகள் கண்கட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல், ஒரு நாற்காலியிலும் இடிக்காமல், பின்பக்கச் சமையலறை வழியாகச் சந்துக்குள் ஓடினார். இது ஒன்றில்தான் அவருடைய ஞானக்கண் உண்மையிலேயே வேலை செய்தது. கூட்டத்தில் யாரோ போன் போட்டு வரவழைத்த போலீஸ் ஜீப் சந்து முனையில் வழியை மறித்தது. அருணாதேவி மட்டும், "நான் வெறும் டோக்கன்தான் சார் குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சகாதேவன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். கையில் கம்மல் முடிந்த கைக்குட்டை, இன்னொரு கையில் போன். டாக்டர் நம்பர் இன்னும் திரையில் இருந்தது.

"போன் பண்ணட்டுமா?" என்றான் மெதுவாக.

"பண்ணுங்க."

அவன் காதில் வைத்தான். "டாக்டர், கீழ்பென்னாத்தூர் ஆராயி வீட்டுக்காரர் பேசறேன். வியாழக்கெழம ஆபரேஷன்... வரோம்னு சொல்லத்தான். ஆமாங்க. கண்டிப்பா வரோம்." போனை வைத்துவிட்டு ஆராயியின் இடது கையைப் பிடித்துக்கொண்டான். "இந்த மாத்திரைய நிறுத்திட்டியே, அத இன்னா பண்றது?"

"நிறுத்தவே இல்ல. பவுடர் டப்பால இருக்குது."

அவன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தான்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. வலது பக்கம்தான். கட்டி முழுசாக வந்தது. லேபிலிருந்து, சாது ரகம், புற்று இல்லை என்று முடிவு வந்தது. "இனிமே அப்பப்ப ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கணும், திரும்ப வளருதான்னு" என்றார் டாக்டர். "எல்லாருக்கும் இப்படி முடியும்னு சொல்ல முடியாது. சில கட்டிக்கு ரேடியேஷன், கீமோ எல்லாம் வேணும். அதனாலதான் மொதல்லயே வரணும்." ஆராயிக்கு ஒரு பக்கம் முடி இறக்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்துக்கு என்ன ஸ்டைல் செய்யலாம் என்று ஜஹானாரா ஆஸ்பத்திரியிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். இடது கைக்குப் பயிற்சி நடக்கிறது. நூல் இன்னும் சில நேரம் நழுவுகிறது, முன்பு போல அடிக்கடி இல்லை.

தசரதனும் ஆஸ்பத்திரிக்கு வந்தான். "எனக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க டாக்டர்" என்று மூன்று முறை கெஞ்சினான். டாக்டர் பிர்தௌஸ் அவனைக் கேள்வி கேட்டு, கையை இழுத்துப் பார்த்து, கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, "உங்களுக்கு எதுவும் இல்ல. வெயில்ல போனா தொப்பி போட்டுக்கோங்க. தலைவலி வர எல்லாருக்கும் கட்டி இருக்காது" என்று அனுப்பிவிட்டார். அவன் இன்னும் தினமும் காலையில் எழுந்ததும் இரண்டு கையையும் தூக்கிப் பார்க்கிறான்.

ஊர் திருந்தியதா என்று கேட்பீர்கள். பேனர் கட்டியிருந்த அதே கம்பத்தில் இப்போது வேறு ஒன்று தொங்குகிறது: 'கிட்னிக் கல்லைத் தொப்புள் வழியே எடுக்கும்...'. முகம் வேறு, விபூதிப் பட்டை அதே மூன்று. போன வாரம் தசரதன் அதன் கீழே நின்று போனை எடுத்தானாம். ஜஹானாரா பின்னாலிருந்து, "படம் எதுக்குத் தம்பி?" என்று கேட்டாளாம். போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டானாம். ஒரு தலையாவது தேறியது.

நோய் வந்த மண்டையைத் திறக்க டாக்டர் இருக்கிறார். நல்லா இருக்கிற மண்டையை அவரவர்தான் திறந்துகொள்ள வேண்டும். அதற்கும் கத்தி இல்லை, ரத்தம் இல்லை, தையல் இல்லை!